காலை முக்காடு

அக்டோபர் 8, செவ்வாய்

வந்து நான்கு நாள் ஆகிவிட்டது, இன்றுதான் நோட்டைத் திறக்கிறேன். தென்காசியில் முப்பத்தொரு வருடம் வரலாறு நடத்தியவன் முதல் நாளிலிருந்தே குறிப்பு எழுதியிருக்க வேண்டாமா என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். மூன்று நாளும் தூங்கினேன்.

என் மகள் கோமதி இருக்கும் ஊர் இங்கிலாந்தில், நார்விச்சிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஒரு கடைத்தெரு, ஊருக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிய தேவாலயம், அதைச் சுற்றி வாத்துகள். அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி வேலை. மாடி அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே எல்லாம் செய்கிறாள். கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் எனக்கு டிக்கெட் போட்டாள். டிசம்பர் நாலாம் தேதி திரும்ப வேண்டும்.

ஒரு வருடமாக அவள் வீடியோவில் வருவதில்லை, கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தாள். இங்கே வந்து பார்த்தால் கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. ஆபீஸ் கூட்டத்துக்கும் அதை மூடி வைத்துவிட்டுத்தான் பேசுகிறாள். வீட்டுக்குள்ளேயே தொப்பி வைத்த சட்டை, ஹூடி என்கிறாள், அதைத் தலைமேல் இழுத்துப் போட்டுக்கொண்டே திரிகிறாள்.

"ஹீட்டர் எரியுதுல்லா, அதுக்குள்ள என்னத்துக்கு முக்காடு?" என்றேன்.

"எனக்குக் குளுருதுப்பா."

எனக்கு வேர்க்கிறது. அவளுக்குக் குளிர்கிறதாம்.

குளியல் தொட்டியில் தண்ணீர் தேங்கி நின்றது. சல்லடையைக் கழற்றினால் கை நிறைய முடி. இந்த ஊர்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கெட்டிலின் அடியே வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அதில் குளித்தால் முடி நிற்குமா? அலசிவிட்டு மாட்டினேன்.

அக்டோபர் 12, சனி

என் நண்பன் சங்கரலிங்கம் நடத்துகிற ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர ஒப்புக்கொண்டுதான் விமானம் ஏறினேன். "லண்டன் பாலம், ராணி வீடு இதெல்லாம் எழுதுனியானா மலரையே நிறுத்திருவேன்ல" என்று மிரட்டியிருக்கிறான். இன்று விஷயம் கிடைத்துவிட்டது.

கோமதியைக் கூப்பிட்டேன். தலைவலி என்றாள். தனியாகத்தான் போனேன். பழைய தானியச் சந்தைக் கட்டடத்தின் மாடியில் இரண்டே அறையில் ஊர் அருங்காட்சியகம். செவ்வாயும் சனியும் மட்டும் திறப்பார்கள். பார்த்துக்கொள்பவர் ஹேசல் அம்மையார், எழுபது தாண்டியவர், முப்பது வருடம் இந்த ஊரில் தபால் கொடுத்தவராம். சம்பளம் கிடையாது, ஆசைக்காக வருகிறார். வெளியே மழை பிடித்ததும் வேறு ஆள் வராது என்று தெரிந்துகொண்டு ஒரு இழுப்பறையைத் திறந்தார்.

உள்ளே மெல்லிய தாளில் சுற்றி, பட்டில் ஏதோ மடிந்து கிடந்தது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு முன்னாலிருந்த ரிப்பனை மெதுவாக இழுத்தார். படபடவென்று எழுந்து நின்றது! பிரம்பு வளையம் கோத்த பட்டு, அப்படியே நம் ரிக்‌ஷாவின் மூடி. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இந்த ஊர்ச் சீமாட்டிகள் தலைமுடியை ஒரு அடி உயரத்துக்குக் கட்டி மாவு தூவிக்கொள்வார்களாம். மழை வந்தால் கோபுரம் சரிந்துவிடும். அதற்காக இந்த மடக்கு முக்காடு. பெயர் கலாஷ். அந்தப் பெயரே ஒரு குதிரை வண்டியின் பெயராம்.

"நீங்கள் இழுத்துப் பார்க்கிறீர்களா?" என்று எனக்கும் கையுறை கொடுத்தார். இழுத்தேன். இந்த வயதில் இப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிறது. பிறகுதான் அதன் நிறத்தைக் கவனித்தேன், பச்சை. பச்சை எனக்கு ஒத்துவராது. மடித்து வைத்துவிடச் சொன்னேன்.

அவர் பேசப் பேச நான் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஸ்பெல்லிங் யோசிப்பதற்குள் பேச்சு ஓடிவிடும். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுத நம் எழுத்தை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

தலைப்பு முடிவாகிவிட்டது: 'இங்கிலாந்து மகளிர் முக்காட்டு வரலாறு'.

அக்டோபர் 15, செவ்வாய்

ஹேசல் அம்மையார் இரண்டு புத்தகம் இரவல் கொடுத்தார். ஒரே மூச்சில் படித்தேன்.

மணமான பெண் முடியைக் காட்டக் கூடாது, கன்னிப்பெண் காட்டலாம் என்பது பழைய வழக்கு. பவுல் என்ற பெரியவர் கடிதத்தில் எழுதியதைப் பிடித்துக்கொண்டு ஆயிரத்தைந்நூறு வருடம் மூடியிருக்கிறார்கள். முதலில் கழுத்தையும் கன்னத்தையும் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. பிறகு அது கம்பி வைத்து, வெல்வெட் வைத்து, கூரை வீடாகவே ஆகிவிட்டது. கேபிள் ஹூட். கேபிள் என்றால் முகடு, ஹூட் என்றால் முக்காடு. முன்னால் இருந்து பார்த்தால் தலைமேல் அப்படியே ஒரு வீட்டு முகடு! அதற்கு அடுத்து வந்தது பிரெஞ்சு ஹூட், வட்டமாக, பின்னால் தள்ளி, முன்முடி ஒரு விரல்கடை தெரிகிற மாதிரி. அந்த ஒரு விரல்கடைக்கு என்ன சண்டை!

எட்டாம் ஹென்றி காலத்தில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். மனைவி முத்தும் பொன்னும் வைத்த பிரெஞ்சு ஹூட் போட்டால், புருஷன் அரசாங்கப் போருக்கு உதவும்படி ஒரு குதிரை வளர்க்க வேண்டும். சத்தியமாகச் சட்டம்தான், இரண்டு புத்தகத்திலும் இருக்கிறது.

சாப்பிடும்போது கோமதியிடம் சொன்னேன். "ஒங்கம்மா பிரெஞ்சு ஹூட் போட்டிருந்தா நான் தென்காசியில குதிர வளத்திருக்கணும், பாத்துக்கோ."

அவள் லேசாகச் சிரித்தாள். "நீங்க எங்க வாங்கிக் குடுக்கப் போறீங்க? அம்மா தலைக்குன்னு நீங்க வாங்கிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான்."

அப்புறம் தட்டுகளைக் கழுவினேன். அவியலுக்கு இங்கே தேங்காய் சரியில்லை.

அக்டோபர் 19, சனி

ஹேசல் அம்மையார் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். தரையில் கல்லறைகள்மேல் பித்தளைத் தகடு பதித்து ஆளின் உருவத்தைக் கீறி வைத்திருக்கிறார்கள். கம்பளத்தைச் சுருட்டி டார்ச் அடித்துக் காட்டினார். முட்டி போட்டுப் பார்த்தேன், எழுந்திருக்கத்தான் அவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் தகட்டில் கேபிள் ஹூட். நெற்றியில் முடி இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்ட பட்டை இரண்டு குறுக்காக மடிந்திருக்கிறது. ஒரு மயிரிழைகூடத் தெரியவில்லை. குண்டூசி குத்திய இடம் வரை கீறியிருக்கிறான் சிற்பி. அதை நான்தான் கண்டுபிடித்துக் காட்டினேன். "இருபது வருடமாகப் பார்க்கிறேன், இதைக் கவனித்ததில்லை! உங்களுக்குக் கழுகுக் கண்" என்றார் அம்மையார். உள்ளதைத்தான் சொன்னார்.

பிறகு அவரே சொன்னார்: "இப்படி மூடியிருப்பதால் உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பெண் மொட்டையாகக்கூட இருந்திருக்கலாம். பாவம், வீட்டில் இருந்தவர்களுக்காவது தெரிந்திருக்குமா?"

எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அடுத்த தகட்டைக் காட்டச் சொன்னேன்.

அடுத்தவள் ஒரு சீமாட்டி. கறுப்பு முக்காடு, மோவாயிலிருந்து நெஞ்சுவரை மடிப்பு மடிப்பாகத் தொங்கும் வெள்ளைத் துணி. அதன் பெயர் பார்ப். "இவள் மார்னிங்கில் இருக்கிறாள்" என்றார் அம்மையார். மார்னிங் ஹூட், மார்னிங் பார்ப் என்று குறித்துக்கொண்டேன். மிகப் பெரிய இடத்துப் பெண்கள் அந்தத் துணியை மோவாய்க்கு மேலே கட்டலாம், அதற்குக் கீழ்ப்பட்டவர்கள் மோவாய்க்குக் கீழேதான் கட்ட வேண்டும். ராஜாவின் தாயாரே போட்ட விதியாம்.

காலையில் மட்டும் கட்டும் துணிக்கு இவ்வளவு சட்டமா? யோசிக்க வேண்டும்.

அக்டோபர் 20, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! கஞ்சி!

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று ஊர் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அரசாங்கம் சொன்னால் காலைகூட நகர்ந்து உட்காருகிறது. எனக்கு ஏழு மணிக்கே பசித்தது, கடிகாரம் ஆறு என்றது.

தொட்டியில் மறுபடியும் தண்ணீர் தேங்கியது. மறுபடியும் கை நிறைய. துணி அலமாரிப் பக்கத்தில் ஒரு பசை உருளை வைத்திருக்கிறாள், சட்டையில் உருட்டினால் முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பூனை வளர்ப்பவர்கள் வீட்டில் இருக்குமாம். இந்த வீட்டில் பூனை இல்லை.

கட்டுரை ஒன்பது பக்கம் வந்துவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மனசு சரியில்லை, சுருக்கமாக எழுதுகிறேன்.

ஊரிலிருந்து செக்கு நல்லெண்ணெய் கொண்டுவந்திருந்தேன், மூன்று பாலிதீன் பையில் சுற்றி, வேட்டிக்குள் வைத்து. நாலு மிளகு தட்டிப்போட்டுச் சூடாக்கினேன். எங்கள் வீட்டில் என் மனைவி உலகம்மாள் இருந்தவரை அவள்தான் எல்லோர் உச்சியிலும் எண்ணெய் வைப்பாள். அவள் போய் மூன்று வருடம். இந்த முறை மகளுக்கு நான் வைக்கலாம் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

ஆறரை மணிக்குக் கூப்பிட்டால் ஹூடியோடு இறங்கி வருகிறாள். "நான் குளிச்சிட்டேன்ப்பா."

"எண்ணெ வைக்காமலா? சரி, சாஸ்திரத்துக்கு மூணு சொட்டு வைக்கேன். அந்த முக்காட்ட எறக்கு."

"வேண்டாம்."

"மூணே சொட்டு, ஏட்டி."

"வேண்டாம்னா விடுங்களேன்ப்பா!"

அந்தக் கத்தல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். மாடிக்குப் போய்விட்டாள். காய்ச்சின எண்ணெயை என்ன செய்ய, என் தலையில் வைத்துக்கொண்டேன். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. இருபது வருட வழுக்கை.

முப்பத்தாறு வயதுப் பெண், அப்பன் கை தலையில் படக் கூடாதாம். ஏன் என்னை வரச்சொன்னாள் என்று தெரியவில்லை. டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

நவம்பர் 3, ஞாயிறு

கட்டுரையைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துச் சங்கரலிங்கத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். டிக்கெட்டை மாற்றவில்லை. கறிவேப்பிலை வாங்க வேண்டும்.

நவம்பர் 9, சனி

சங்கரலிங்கம் கூப்பிட்டான். அவன் சத்தத்துக்குப் போனே தேவையில்லை. "ஏல, பிரமாதம்லே! குதிரையும் கஞ்சியும் கலக்கிட்ட. அச்சுக்குக் குடுத்தாச்சு, திங்கக்கெழம மலர் கைக்கு வந்துரும்."

நாளைக்குக் கோமதிக்கு வாசித்துக் காட்டப்போகிறேன். தீபாவளிக்குப் பிறகு அவளிடம் 'சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா' என்பதைத் தவிர நான் எதுவும் பேசவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணி. வெயில் வந்திருந்தது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம். அவள் காபி போட்டாள். நான் வாசித்தேன். குதிரைச் சட்டத்துக்குச் சிரித்தாள். அதற்கப்புறம் இந்தப் பகுதி வந்தது:

"சீமாட்டிகள் காலை வேளையில் அணிந்த முக்காட்டுக்கு மார்னிங் ஹூட் என்று பெயர். அதனோடு மார்னிங் பார்ப் என்னும் மடிப்புத் துணியை மோவாயிலிருந்து மார்புவரை தொங்கவிட்டனர். காலைக் கஞ்சி பட்டாடையில் சிந்தாதிருக்கவே இதனைக் கட்டினர் என்று துணியலாம். மேற்குலத்தோர் மோவாய்க்கு மேலும் ஏனையோர் கீழும் கட்டியதிலிருந்து, மேற்குலத்தோர் குடித்த கஞ்சி மிகவும் நீர்த்தது என்பதும் பெறப்படும்."

"எந்த மார்னிங்ப்பா?" என்றாள் கோமதி.

"எந்த மார்னிங்னா? காலைதான்."

"அந்தம்மா எழுதிக் காட்டுனாங்களா?"

"காதுல கேட்டத எழுதுனேன்."

காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா. அது வேற மார்னிங். நடுவுல ஒரு யூ வரும். துக்கம்ப்பா, துக்கம்! புருசன் செத்ததுக்குக் கட்டுத துணி. அதப் போயி கஞ்சித் துணின்னு..."

அதற்குமேல் பேச முடியவில்லை அவளால். சிரித்தாள். குனிந்து சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீர்த்த கஞ்சி" என்று ஒரு தரம் சொல்லிவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அம்மாவின் சிரிப்பு அது, கண்ணில் தண்ணீர் வந்தால்தான் நிற்கும்.

சாய்ந்ததில் ஹூட் பின்னால் விழுந்தது.

நான் தாளைப் பார்த்தேன்.

"அப்போ இந்தப் பத்தியவே எடுத்துரணும்" என்றேன், தாளைப் பார்த்துக்கொண்டே. "அச்சுக்கு வேற போயிட்டு." பேனாவை எடுத்து 'காலை' என்ற சொல்லை அடித்தேன். அவள் ஹூடை இழுத்துப் போட்டுக்கொண்ட சத்தம் கேட்டது. டம்ளர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள். மாடிக் கதவு சாத்தியது.

ஒன்பது பக்கத்தில் 'காலை' பதினான்கு இடத்தில் வருகிறது.

நவம்பர் 11, திங்கள்

மழை. பச்சைக் குப்பைத்தொட்டி வெளியே வைக்கும் நாள். வைத்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

அருங்காட்சியகம் போய் ஹேசல் அம்மையாரிடம் கஞ்சிக் கதையைச் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரில் இனி யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியாது என்று மன்னிப்பும் கேட்டார்.

"அந்த முக்காட்டை எப்போது கழற்றுவார்கள்?" என்று கேட்டேன்.

"துக்கக் காலம் முடிந்ததும். சிலர் கழற்றுவதே இல்லை. இனி மறுமணம் இல்லை என்று பிஷப் முன்னால் சத்தியம் செய்துவிட்டுச் சாகும்வரை அப்படியே இருந்தவர்களும் உண்டு."

"யாராவது கட்டச் சொன்னதால் கட்டியவர்கள்?"

அவர் என்னையே பார்த்தார். "அது தகட்டில் எழுதியிருக்காது" என்றார்.

நவம்பர் 13, புதன்

மத்தியானம். கோமதி மேலே ஆபீஸ் கூட்டத்தில் இருக்கிறாள். குரல் மட்டும் கேட்கிறது.

நோட்டில் பொய் எழுதவில்லை நான். எழுதாமல் விட்டேன். விட்டதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தாளைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு முன் அவளைப் பார்த்தேன். வலது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமில்லை. உச்சியில் ஒன்று, நெற்றிக்குப் பக்கத்தில் ஒன்று. மிச்சம் இருக்கும் முடி ஈர்க்கு ஈர்க்காக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு நொடியில் இவ்வளவும் பார்த்தேன். கழுகுக் கண் அல்லவா? குண்டூசி குத்திய இடத்தைக் கண்டுபிடித்தவன் ஐந்து வாரமாகச் சல்லடையிலிருந்து கை நிறைய அள்ளிக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

உலகம்மாளுக்குக் கீமோ கொடுத்த இரண்டாம் மாதம் முடி முழுக்கக் கொட்டிவிட்டது. மீதி இருந்ததை அவளே வழித்துவிடச் சொல்லி, மொட்டைத் தலையோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். "எப்படி இருக்கேன், பழனிக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கா?" என்று சிரித்தாள். நான் என்ன சொன்னேன்? "எதையாவது எடுத்து மூடு. பாக்கச் சகிக்கல." அடுக்களை வாசலில் கோமதி நின்றாள், லீவு போட்டு வந்திருந்தாள். மறுநாள் கடைக்குப் போய் பச்சைத் துண்டு ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். உலகு அதை அன்றைக்குக் கட்டியவள் பதினோரு வாரம் கழித்துக் கண் மூடுகிறவரை அவிழ்க்கவில்லை. தூங்கும்போதும் கட்டியிருந்தாள். அவள் தலையை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. கடைசியில் குளிப்பாட்டியபோது, துண்டு அப்படியே இருக்கட்டும் என்று பெண்களிடம் சொன்னதும் நான்தான்.

கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். அந்தத் தலையைப் பார்த்ததும் இவள் போகப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் வாயில் வந்தது அதுவல்ல.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதையேதான் செய்தேன்.

நவம்பர் 14, வியாழன்

காலையில் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், ஹூட் தலையில். ஒரு கையில் மருந்துக் குப்பி, மறு கையில் போன். பின்தலையைப் போனில் படம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் மருந்து போட்டுக்கொள்கிறாள் இத்தனை மாதமும்.

உட்காராமலே சொன்னேன். "ஒங்கம்மாவ அந்தத் துண்டக் கட்டச் சொன்னது தப்பு."

"தெரியும்ப்பா."

"நான் பயந்துட்டேன்ளா."

"அதுவும் தெரியும். அம்மாவே சொன்னா." போனை அணைத்துக் கட்டிலில் வைத்தாள். "வேர்க்குது, அவுத்துரும்மான்னு எத்தன தரம் சொன்னேன் தெரியுமா? 'ஒங்கப்பாவுக்குப் பயம்ட்டீ. இதக் கட்டலேன்னா அவரு இந்த ரூமுக்குள்ளயே வரமாட்டாரு'ன்னா."

அவள் மேசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"நானும் அதுக்குத்தான் போட்டுருக்கேன்" என்றாள். "நீங்க இங்க வரணும்னு இருந்துச்சு."

அழுதேன். இங்கே மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன். அவளும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இருபது வருசமா வழுக்க. ஒங்கள யாராவது மூடச் சொன்னாங்களா?" என்றாள். நான் படித்த முக்காட்டு வரலாற்றில் அது எங்கும் இல்லை.

"இது என்னது? அம்மாவுக்கு வந்த மாதிரி..." என்று இழுத்தேன்.

"சேச்சே, அதெல்லாம் இல்லப்பா. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. புழுவெட்டு. கொஞ்சம் பெருசா வந்திருக்கு, அவ்வளவுதான். வரலாம், வராமலும் போகலாங்காங்க."

"புழுவெட்டா! அதுக்குச் சின்ன வெங்காயத்த..."

"அப்பா. வெங்காயம்னு மட்டும் சொல்லாதீங்க. நெட்ல ஒரு ஆள் விடாம வெங்காயம் சொல்லிட்டாங்க."

வெங்காயத்தை அங்கேயே விட்டேன். "அந்த மருந்தக் குடு. பின்னால நான் பாக்கேன்" என்றேன்.

அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஹூடைத் தானே இறக்கினாள்.

பார்த்தேன். பின்னால் நான்கு இடம், முன்னாலும் பக்கத்திலுமாக மூன்று. ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தோல் வழவழவென்று இருக்கிறது, புண் ஒன்றும் இல்லை. மருந்து போட்டு விரல்நுனியால் தேய்த்தேன். குழந்தையில் சளி பிடித்தால் உச்சியில் தைலம் தேய்ப்பேன், அந்தத் தலைதான். இடது பக்கம் கழுத்துக்கு மேலே உள்ள வட்டத்தில் என்னவோ மின்னியது. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பூனைமுடி. வெள்ளை வெளேரென்று, பஞ்சு மாதிரி.

"கோமு, இங்க மொளைக்கு."

"சும்மா சொல்லாதீங்க."

"நான் கண்டுபுடிச்சா சரியாத்தான் இருக்கும். அந்தம்மாவக் கேளு."

படம் எடுத்துக் காட்டினேன். போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்து காய அரைமணி ஆகுமாம். கீழே போய் நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்தேன். தீபாவளி போய் இரண்டு வாரம் ஆகிறது. பரவாயில்லை. முடி இருக்கிற இடமாகப் பார்த்து மூன்று சொட்டு வைத்தேன்.

நவம்பர் 20, புதன்

மலர் போன வாரமே வந்துவிட்டதாம். தென்காசியில் எல்லோரும் கஞ்சிப் பகுதியைத்தான் பாராட்டுகிறார்களாம். சங்கரலிங்கத்திடம் விஷயத்தைச் சொன்னதும், "ஏல, கஞ்சியவே வச்சிக்கிடுவோம்லே, அதுதான் நல்லாருக்கு" என்றான். முடியாது என்றேன். அடுத்த மலருக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். கோமதி எழுத்துப்பிழை பார்த்தாள்.

'எனது கட்டுரையில் "காலை" என்று அச்சாகியுள்ள பதினான்கு இடங்களிலும் "துக்கம்" என்று திருத்தி வாசிக்கவும். கஞ்சி பற்றிய கருத்துகள் நீக்கப்படுகின்றன. கட்டுரையாளர் காதால் கேட்டதை எழுதினாரே தவிர, கண்ணால் பார்த்து எழுதவில்லை. வருந்துகிறோம்.'

நவம்பர் 23, சனி

கோமதி அருங்காட்சியகத்துக்கு வந்தாள். தெருவில் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள், அது குளிருக்கு. மாடி ஏறியதும் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். ஹேசல் அம்மையார் ஒரு நொடி பார்த்தார், பிறகு "உங்கள் அப்பா கஞ்சியைப் பற்றிச் சொன்னாரா?" என்று ஆரம்பித்துவிட்டார். இழுப்பறையைத் திறந்தார். கோமதிக்குக் கையுறை கொடுத்தார்.

அவள் ரிப்பனை இழுத்தாள். பச்சைப் பட்டு எழுந்து நின்றது. நல்ல பச்சை, வாழைக்குருத்து நிறம். இந்த முறை மூடச் சொல்லவில்லை.

டிசம்பர் 4, புதன்

பெட்டி கட்டியாகிவிட்டது. மிச்ச எண்ணெயை அவளுக்கு விட்டுவிட்டேன். பின்தலைக்கு வாரம் இரண்டு நாள் தான் வந்து மருந்து போட்டுவிடுவதாக ஹேசல் அம்மையார் சொல்லியிருக்கிறார், தபால் கொடுத்த கை, வீடு தவறாது. கழுத்துக்கு மேலே இருக்கும் வட்டத்தில் முடி அரிசி நீளம் வந்திருக்கிறது. மற்ற ஆறிலும் ஒன்றும் இல்லை. வரலாம், வராமலும் போகலாம்.

மணி எட்டு. கோமதி படியில் இறங்கி வருகிறாள். தலையில் ஒன்றும் இல்லை. "அப்பா, காபிக்குச் சீனி போடவா, வேண்டாமா?" என்கிறாள்.

பேனாவை மூடுமுன் ஒன்று. இந்தப் பக்கத்தில் இருப்பது காலைதான். திருத்தம் கிடையாது.